இரத்தக் கொதிப்பு இனத்தின் சொத்தா?

நுண்புழைக் குழாய் வழியே நீரைச் சொட்டவிட்டு, குறித்த நேரத்தில் எவ்வளவு நீர் சேர்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று பட்டப் படிப்பு மாணவர்களுக்கு உண்டு. பாய்சொய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதியைச் சரிபார்ப்பதே அதன் நோக்கம். குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டத்துக்கு ஏற்படும் தடை பத்தில் ஒரு பங்கு கூடுவதில்லை. பாதிக்கு மேலேயே கூடிவிடுகிறது. தடை ஆரத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதே இதற்குக் காரணம். நம் உடலின் மிகச் சிறிய தமனிகள் சற்றே சுருங்கினாலும் இரத்த அழுத்தம் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதை விளக்க இந்த எடுத்துக்காட்டை நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஒரு நாள் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். திருவொற்றியூர்ப் பையன். தந்தை துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி கொண்டுபோகும் லாரியின் ஓட்டுநர். "சார், எங்கப்பாவுக்கு பிரஷர் 170. எங்க தாத்தாவும் அதுலதான் போயிட்டாரு. எங்க வம்சத்துக்கே அப்படித்தான்னு சொல்லி அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு. வம்சத்துல இருக்கறதுக்கு மாத்திரை என்ன சார் பண்ணும்?" என்று கேட்டான்.

வாசகர்களே, இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த லாரி ஓட்டுநர் 'வம்சம்' என்கிறார். பெரிய படிப்புப் படித்தவர்கள் 'இனம்', 'தெற்காசிய மரபணு' என்கிறார்கள். அண்மைக்காலமாக 'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. சொற்கள் வேறு, சொல்லும் பொருள் ஒன்றே. அமெரிக்கக் கறுப்பருக்கு இரத்தக் கொதிப்பு அதிகம், இந்தியருக்கு இன்ன விதம், ஐரோப்பியருக்கு இன்ன விதம் என்று பட்டியலிட்டு, காரணம் அவரவர் பிறப்பிலேயே இருக்கிறது என்று முடிக்கும் எழுத்துகள் ஆங்கிலத்தில் ஏராளம். தமிழிலும் வரத் தொடங்கிவிட்டன. அந்த வாதம் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ஆனால் இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது எவற்றை மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்த அளவுகோல் ஒன்றையே இங்கே பயன்படுத்தப் போகிறேன்.

முதலில் அளவு

இரத்தக் கொதிப்பு என்ற பெயரே நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்வது. இரத்தம் கொதிப்பதும் இல்லை. கொதிப்பவர் போல் அவர் கோபக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலோருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தெரியாது. அளந்தால்தான் உண்டு.

1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றதாக எழுதினார். இன்று நாம் கூறும் 120 மி.மீ. பாதரசம் என்பது அதே போன்ற உயரம்தான். பாதரசத்துக்குப் பதில் நீர் என்றால் ஏறத்தாழ 163 செ.மீ. உயரம் நிற்கும். அந்த ஓட்டுநரின் 170 என்றால் 231 செ.மீ.; ஓர் ஆளின் தலைக்கு மேல் ஒரு முழத்துக்குமேல் போகும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கண்டார். 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், காதில் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் குறிக்கும் வழியைச் சொன்னார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அளக்கும்போது கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். மேசைமீது வைக்காமல் கையைத் தொங்கவிட்டு, பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால், அவ்வளவு உயர இரத்தத்தின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். ஓடிவந்த மூச்சு அடங்குமுன் அளந்தாலும், பேசிக்கொண்டே அளந்தாலும் கூடும். இரண்டு மக்கள் கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு என்று பல ஆய்வுகள் கூறுவது எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் சில மி.மீ. மட்டுமே! ஓரிடத்தில் அமைதியான அறையில் நாற்காலியிட்டு அளந்ததையும், மற்றோரிடத்தில் நெரிசலான முகாமில் நிற்கவைத்து அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடைவெளிக்கு 'இனம்' என்று பெயரிட்டால் என் ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண் கிடைக்காது.

கப்பலும் உப்பும்

இனவாதத்துக்கு மிகப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது அமெரிக்கக் கறுப்பர்களின் நிலை. அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பரிடையே இரத்தக் கொதிப்பு அதிகம், இது உண்மை. இதற்கு 1991இல் தாமஸ் வில்சன், கிளாரன்ஸ் கிரிம் என்ற இருவர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை ஆகியவற்றால் உடலின் உப்பை இழந்து பலர் மாண்டனர். உப்பை விடாமல் பிடித்துவைக்கும் இயல்புள்ளவர்களே பிழைத்தனர். அவர்களுடைய சந்ததியார் இன்று உப்புப் பண்டங்களை உண்ணும்போது அந்த இயல்பே பகையாகி அழுத்தம் ஏறுகிறது என்பது அவர்கள் வாதம்.

கேட்பதற்கு எவ்வளவு அழகான கதை! டார்வின், வரலாறு, சிறுநீரகம் மூன்றும் ஒரே முடிச்சில் வந்துவிடுகின்றன. ஆனால் மறு ஆண்டே, 1992இல், அடிமை வணிக வரலாற்றைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பிலிப் கர்டின் அந்த வரலாற்று ஆதாரங்கள் நிற்கவில்லை என்று எழுதினார். கதைக்குத் தேவையான உப்புப் பஞ்சம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்ததாகச் சான்று இல்லை. கப்பல் சாவுகள் உப்பிழப்பால் நேர்ந்தன என்பதும் சான்றால் நிறுவப்படவில்லை. இருந்தும் அந்தக் கதை இன்றுவரை சொற்பொழிவுகளில் உயிரோடு இருக்கிறது. நல்ல கதை மறுப்பைக் கேட்டுச் சாவதில்லை.

இதே கதையை நம்மைப் பற்றியும் கட்டலாம் என்பதை எண்ணிப்பாருங்கள். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. அலைமேல் மசூலா படகுகளில் ஆள்களைக் கொண்டுபோய், தொலைவில் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். அந்தப் பயணத்திலும் வாந்தி உண்டு, வியர்வை உண்டு. அப்படியானால் தென்னாப்பிரிக்கத் தமிழரின் இரத்த அழுத்தத்துக்குக் காரணம் மசூலா படகு என்று எழுதிவிடலாமா? கதை பொருந்துகிறது என்பது சான்று ஆகாது.

கதையை விட்டு எண்களுக்கு வருவோம். ரிச்சர்ட் கூப்பர் என்னும் சிகாகோ மருத்துவரும் அவருடைய குழுவினரும், மேற்கு ஆப்பிரிக்க வழிவந்த ஏழு மக்கள் கூட்டங்களை ஒரே கருவி, ஒரே பயிற்சி, ஒரே முறை கொண்டு அளந்து 1997இல் வெளியிட்டனர். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் ஒருவரே; இடம் மாற மாற எண் ஏறுகிறது. 2005இல் அக்குழு இன்னொரு படி மேலே சென்று, வெள்ளையர் கூட்டங்களையும் சேர்த்து ஒப்பிட்டது. கறுப்பர் கூட்டங்களில் 14 முதல் 44 விழுக்காடு வரை; வெள்ளையர் கூட்டங்களில் 27 முதல் 55 வரை! அந்த 55 ஜெர்மனியைச் சேர்ந்தது. அமெரிக்காவை மட்டும் பார்த்தவர் "கறுப்பருக்கே அதிகம்" என்பார். ஜெர்மனியையும் நைஜீரியாவையும் பார்த்தவர் நேர் எதிராகச் சொல்வார். எந்த இரண்டு இடங்களை எடுத்தோம் என்பதைப் பொறுத்து 'இனத்தின் இயல்பு' தலைகீழாகிறது என்றால், அது இனத்தின் இயல்பு ஆகுமா?

நம் பக்கத்துக் கதையும் இதுவே. பிரிட்டனில் குடியேறிய 'தெற்காசியர்' பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி அஜெமாங், ராஜ் போபால் இருவரும் 2002இல் ஒரு மதிப்பாய்வு எழுதினர். வெள்ளையரோடு ஒப்பிட்டால் இந்தியருக்கு அழுத்தம் சற்றுக் கூடுதல். பாகிஸ்தானியருக்குச் சற்றுக் குறைவு. வங்காளதேசத்தவருக்கு வெகுவாகக் குறைவு. மூவரையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி 'தெற்காசிய மரபணு' என்று பெயரெழுதிக் கட்டினால், சாக்குக்குள் இருப்பது என்ன?

துருப்பிடித்த கம்பிகள்

"அப்படியானால் இரத்தக் கொதிப்புக்கும் பரம்பரைக்கும் தொடர்பே இல்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 முதல் 50 விழுக்காடு பரம்பரையோடு தொடர்புடையது என்கின்றன. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் பலர் வழி தவறுகிறார்கள். ஒரு கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டுக்குக் காரணமானதே இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கும் காரணம் என்று எண்ணிவிடுகிறார்கள். இது கணக்குப் பிழை.

எண்ணூரில் இருப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பல ஆலைகளில் வார்த்த இரும்புக் கம்பிகளை நன்றாகக் கலந்து, இரண்டு குவியலாகப் பிரிப்போம். ஒன்றை எண்ணூர்க் கடற்கரையில் போடுவோம், மற்றதைக் கோவையில். ஓராண்டு கழித்துப் பார்த்தால் எண்ணூர்க் குவியலுக்குள்ளேயே சில கம்பிகள் அதிகம் துருப்பிடித்திருக்கும், சில குறைவாக. எல்லாம் ஒரே உப்புக்காற்றில் கிடந்தவை. ஆகவே அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு உலோகக் கலவையின் வேறுபாடே. கோவைக் குவியலுக்குள்ளும் அப்படியே. ஆனால் எண்ணூர்க் குவியலின் சராசரித் துரு கோவையினுடையதைவிடப் பல மடங்கு இருக்கிறதே, அதற்கு யார் காரணம்? உலோகக் கலவையா? இரண்டிலும் கலவை ஒன்றுதானே! கடற்காற்று. குவியலுக்குள் உள்ள வேறுபாடு முழுவதும் 'பிறவி'யால். குவியல்களுக்கு இடையே உள்ளது முழுவதும் இடத்தால். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

மனிதர்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மேற்குக் கென்யாவின் கிராமங்களில் வாழும் லுவோ மக்களின் இரத்த அழுத்தம் குறைவு. அவர்களில் வேலை தேடி நைரோபி நகருக்குச் சென்றவர்களைப் போல்ட்டர் என்பவரின் குழுவினர் பின்தொடர்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டனர். நகருக்கு வந்த சில வாரங்களிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கியது. சிறுநீரில் பொட்டாசியத்தோடு ஒப்பிடச் சோடியம் கூடியது. சில வாரங்களில் மரபணு மாறுமா? மாறியது சோறும் உப்பும் வாழ்க்கையும். 1988இல் வெளிவந்த 'இன்டர்சால்ட்' ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் 10,079 பேரை அளந்தது. இந்தியாவில் லடாக்கும் புதுடெல்லியும் அதில் உண்டு. உப்பே சேர்க்காத பிரேசில் காட்டு யானோமாமி மக்களுக்கு வயது ஏற ஏற அழுத்தம் ஏறவில்லை. "வயதானால் பிரஷர் வரத்தானே செய்யும்" என்று நாம் இயற்கை விதிபோல் கூறுவதுகூட நம் சமையலறையின் விதியே போலும்!

மரபணுக்களை நேரடியாகத் தேடியவர்கள் கண்டது என்ன? 2011இல் 2 லட்சம் ஐரோப்பியர்களை ஆராய்ந்து, அழுத்தத்தோடு தொடர்புடைய 29 மரபணு வேறுபாடுகளைக் குறித்தனர். அவை அனைத்தும் சேர்ந்து விளக்கியது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 1 விழுக்காடு! அவற்றைக் கூட்டிக் கணித்த மதிப்பெண் தெற்காசியர், கிழக்காசியர், ஆப்பிரிக்க வழியினர் ஆகியோரின் அழுத்தத்தோடும் தொடர்பு காட்டியது. 2018இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது இடங்களின் எண்ணிக்கை 901 ஆயிற்று. விளக்கிய பங்கு 6 விழுக்காட்டைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் தூசியளவு விளைவுள்ள நூற்றுக்கணக்கான வேறுபாடுகள். அவற்றில் மிகுதியானவை மனித இனம் முழுவதற்கும் பொது. ஓர் இனத்தைத் தனியே ஒதுக்கிக் காட்டும் 'கொதிப்பு ஜீன்' அங்கே இல்லை.

நியாயம் கருதி ஒன்றைச் சொல்ல வேண்டும். மக்கள் கூட்டங்களுக்கு இடையே மரபணு வேறுபாடே கிடையாது என்று நான் வாதிடவில்லை. இதயத் தசையின் புரதம் ஒன்றை அமைக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தாரில் ஏறக்குறைய 100க்கு 4 பேரிடம் இருப்பதையும், அது இதயத் தளர்ச்சியோடு தொடர்புடையதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் முதலியவற்றின் ஆராய்ச்சியாளர்கள் 2009இல் காட்டினர். உலகின் பிற பகுதிகளில் அது அரிது. அதன் விளைவு எவ்வளவு என்பதில் பின்னர் விவாதம் எழுந்தது உண்மையே. எனினும் ஒரு கூட்டத்துக்குச் சிறப்பாக உரிய மரபணு வேறுபாடு என்றால் எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு: இன்ன மரபணு, இன்ன எழுத்துகள், இத்தனை பேர். இரத்த அழுத்தத்தில் இனம் பேசுபவர்கள் அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

சாக்கட்டிக் குறிகள்

மரபணுவில் பிடி கிடைக்காதபோது இப்போது எபிஜெனெடிக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் மேல்மரபியல் என்கிறோம். இதை நம் துறைமுகத்தை வைத்தே விளக்கலாம். சரக்குப் பெட்டிக்குள் இருப்பது டி.என்.ஏ. என்று கொள்ளுங்கள். பெட்டியின்மேல் ஒருவர் சாக்கட்டியால் ஒரு குறி போடுகிறார். உள்ளே இருக்கும் சரக்கு மாறவில்லை. ஆனால் அந்தக் குறியைப் பார்த்துத்தான் பாரந்தூக்கி அதை எடுக்கிறது, அல்லது விட்டுவிடுகிறது. அதுபோல் டி.என்.ஏ.வின் சில எழுத்துகளில் மெத்தில் என்னும் சிறு மூலக்கூற்றுத் தொகுதி ஒட்டிக்கொள்ளும்போது அந்த மரபணு படிக்கப்படுவது கூடலாம், குறையலாம். கருவில் ஊட்டக்குறைவு, புகை போன்றவை இந்தக் குறிகளை மாற்றும். 1944-45இல் ஹாலந்து நாட்டுப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மரபணுவின்மேல் குறி வேறுபட்டிருந்ததை 2008இல் கண்டனர். அரிய கண்டுபிடிப்பு, ஐயமில்லை.

இரத்த அழுத்தத்திலும் இது வேலை செய்கிறது என்பதற்குக் குறிப்புகள் உண்டு. நோரிஹிரோ கட்டோ, ஜஸ்பால் கூனர், ஜான் சேம்பர்ஸ் முதலியோர் ஐரோப்பியர், கிழக்காசியர், தெற்காசியர் ஆகிய மூவரையும் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம் பேர் வரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை, அழுத்தத்தோடு தொடர்புடைய பல மரபணு இடங்களுக்கு அருகே மெத்தில் குறிகளும் தொடர்புற்றிருப்பதைக் காட்டியது. இதைப் படித்துவிட்டு "இனத்துக்கு இனம் மேல்மரபு வேறு, ஆகவே கொதிப்பும் வேறு" என்று எழுதுவோர் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். பொதுவாக இந்த ஆய்வுகளில் குறிகளைப் பார்ப்பது இரத்த உயிரணுக்களில். அழுத்தத்தை ஆள்வதோ சிறுநீரகமும் தமனிச் சுவரும் நரம்பும். இரண்டாவது, குறியால் அழுத்தம் ஏறியதா, ஏறிய அழுத்தத்தால் குறி மாறியதா என்பதை ஒரே நாளில் எடுத்த ஒரு குழாய் இரத்தம் சொல்லாது. மூன்றாவதுதான் முக்கியம். குறியைப் போடுபவற்றில் ஊரும் ஒன்று! புகைப்பவர் யாராயினும் அவர் இரத்தத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் அந்தப் பழக்கத்தின் சுவடு தெரிகிறது. புகை மண்டிய ஊரில் வாழ்பவர்களின் குறிகளையும் நல்ல காற்றில் வாழ்பவர்களின் குறிகளையும் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு 'இன வேறுபாடு' என்று பெயர் வைப்பது, வாதியின் சாட்சியைப் பிரதிவாதியின் கணக்கில் எழுதுவது போன்றது.

இங்கே மைசூர் வருகிறது. பிறக்கும்போது எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் அழுத்தம் உயர்கிறது என்று சவுத்தாம்ப்டன் நகரப் பேராசிரியர் டேவிட் பார்க்கர் 1989 முதல் எழுதிவந்தார். நம் நாட்டில் எடை குறைந்த பிறப்புகள் ஏராளம். ஆகவே நம் இரத்தக் கொதிப்புக்கு அன்னையின் வயிறே காரணம் என்று பலர் முடிவுகட்டிவிட்டனர். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடை ஒழுங்காகக் குறித்துவைக்கப்பட்டிருந்தது. அந்த ஏடுகளைக் கொண்டு, அங்கே பிறந்து பெரியவர்களானவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தனர். 1996இல் வெளிவந்த முடிவு: எடை குறைந்து பிறந்தவர்களுக்கு மாரடைப்பு முதலிய இதயத்தமனி நோய் அதிகம். இதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 2000இல் அதே மைசூர்க்காரர்களைப் பற்றி வந்த இன்னொரு கட்டுரை, இரத்த அழுத்தத்துக்கும் பிறப்பு எடைக்கும் அவர்களிடம் தொடர்பு காணவில்லை என்று தலைப்பிலேயே கூறியது! இதை மேற்கோள் காட்டுபவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தமக்கு உதவும் அளவீட்டை ஏட்டில் எழுதி, உதவாததை அழித்துவிடும் மாணவனை நாம் கண்டிக்கிறோம் அல்லவா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை

இனி நம் ஊருக்கு வருவோம். இராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியே எண்ணூர்வரை ஒரு நடை நடந்தால் எத்தனை வகை மக்கள்! தலைமுறை தலைமுறையாகக் கடலோடும் மீனவர்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து தெலுங்கு பேசுவோர். நெல்லைச் சீமையிலிருந்து கடை வைக்க வந்தவர்கள். 1964க்குப் பின் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். ஆலைக் கூலிக்கு அண்மையில் வந்த பீகார், ஒரிசா இளைஞர்கள். பிறப்பு வழியில் வெவ்வேறானவர்கள். ஆனால் மூச்சிழுக்கும் காற்று ஒன்று. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்களின் சாம்பல், இரவு முழுதும் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் புகையும் இரைச்சலும் எல்லார்க்கும் பொது. நுண்துகள் நிறைந்த காற்று இரத்த அழுத்தத்தை உயர்த்துவதை டெல்லி மக்களிடையே செய்த ஆய்வு ஒன்று 2020இல் காட்டியது. இரவுப் பணியும் ஓயாத இரைச்சலும் அழுத்தத்தோடு தொடர்புடையவை என்பதற்கு உலகெங்கும் சான்று உண்டு. லாரியில் காத்துக் கிடக்கும் ஓட்டுநர் உண்பது எது? நள்ளிரவுக் கடையில் புரோட்டாவும் உப்பு மிகுந்த சால்னாவும். வீட்டில் கருவாடும் ஊறுகாயும். உலகச் சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று வகுத்த உப்பு அளவு அவருக்கு ஒரே வேளையில் நெருங்கிவிடும்.

நல்ல ஒப்பீடு ஒன்று செய்ய இதைவிடச் சிறந்த இடம் எது? ஒரே தெருவில் வெவ்வேறு பிறப்பினர். அவர்களுடைய உடன்பிறந்தோர் அவரவர் சொந்த ஊரில். இருவரையும் ஒரே கருவியால் அளந்தால், கம்பிக் குவியல் கணக்கில் எது கலவை, எது காற்று என்பது புலப்படும். இதைச் செய்யாமல், மருத்துவமனைக்கு வந்தவர்களின் சாதியையும் மொழியையும் குறித்துக்கொண்டு மரபணுவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

அந்த மாணவனின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமே. வம்சத்தில் இருப்பதற்கு மாத்திரை என்ன செய்யும்? அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் முதலியவை இந்தியாவில் 35 மருத்துவமனைகளில் 1,981 நோயாளிகளுக்கு மூன்று வகை இரட்டை மருந்துக் கூட்டுகளைக் கொடுத்துப் பார்த்து 2024இல் முடிவு வெளியிட்டன. ஐரோப்பியருக்கு ஒன்று சிறந்தது, கறுப்பருக்கு மற்றொன்று என்று பேசப்படுவதால் இந்தியருக்கு எது என்பதே கேள்வி. விடை: மூன்றும் ஒன்றுபோலவே வேலை செய்தன. ஆறு மாதத்தில் 24 மணி நேர அளவீட்டில் மேல் எண் ஏறத்தாழ 14 மி.மீ. இறங்கியது; 10இல் 7 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. அவர்களுள் தந்தைக்கும் பாட்டனுக்கும் கொதிப்பு இருந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். காரணம் பரம்பரையே ஆனாலும் மாத்திரை அதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை.

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. நோயுற்ற 100 பேரில் 93 பேரின் அழுத்தம் கட்டுக்கு வெளியே. அதன்பின் 2021இல் வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. கதவருகே வரும் அந்த மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு "வம்சம்" என்று சொல்லிக்கொள்பவருக்கு, இனமும் மரபும் பற்றிய நம் எழுத்துகள் துணைபோகின்றன. எனக்கு இந்த எழுத்துகளின்மேல் உள்ள கோபம் இதுதான்.

மாணவனிடம் பிறகு தனியாகப் பேசினேன். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். அவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். திண்டிவனத்துக்கு அருகில் உள்ள கிராமத்திலிருந்து இளவயதில் இங்கே வந்தவர். அப்பாவின் உடன்பிறந்தவர் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்றேன். பெரியப்பா இருக்கிறார், பயிர் வைக்கிறார் என்றான்.

"அவருக்கு பிரஷர் எவ்வளவு?"

சற்று நேரம் யோசித்தான். "அவருக்கு இதுவரைக்கும் யாரும் பார்த்ததே இல்ல, சார்."

வடசென்னையில் உழைத்த இரண்டு பேரை மட்டும் அளந்து, அந்தக் குடும்பம் தன் வம்சத்தின் இரத்தத்தை நிர்ணயித்துவிட்டது. ஒரு பெரியப்பாவின் எண்ணைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை அவனுக்குச் சொன்னேன். ஆனாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துப்போய் அளந்துவரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து.